காலியாக இருந்த சுண்டுவிரல்

பிறந்தவுடன் அழ மறந்துபோன குழந்தை அது. அதன் மூளை எப்படித் தூங்குகிறது என்று பதிவு செய்ய, தலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக மின்முனைகளை ஒட்டி முடித்த டெக்னீஷியன் தெய்வசிகாமணி, ஒரு வயரைச் சரிசெய்யக் கையை நீட்டினான். குழந்தை அவனுடைய வலது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

"அசையாதப்பா, அலை அருமையா வருது," என்று திரையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார் டாக்டர் ரோஸ்லின். "முழிச்சிட்டா எல்லாம் போச்சு."

"மேடம், மேல பிரசவ வார்டுல என் வொய்ஃப்..."

"தலைப்பிரசவம்தானே? நேரமாகும்."

மெல்ல உருவிப் பார்த்தான். நெல்லிக்காய் அளவுக் கை இன்னும் இறுகியது. திரையில் அலை துள்ளியது, டாக்டர் முறைத்தார். இந்தப் பிடிக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. விடுபடும் வழியைத்தான் போட்டிருக்கவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. குனிந்தே நின்றதில் இடுப்பு விட்டுப்போனது.

நர்ஸ் அமலோற்பவம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சிகாமணி சார், பொண்ணு! அவங்க நல்லா இருக்காங்க, உங்களத்தான் திட்டிக்கிட்டே இருக்காங்க. பாப்பா பொறந்ததுமே வார்டே அதிர்ற மாதிரி அழுதுச்சு."

டாக்டர் முதல்முறையாகத் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாக அழுத குழந்தை ஒன்று கிடைக்கவில்லையே என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

"இப்ப தூங்குதா?"

"இப்பதான் கண்ணசந்துச்சு மேடம்."

டாக்டர் இழுப்பறையைச் சத்தமில்லாமல் திறந்து புது மின்முனைகளை எடுத்து வைத்தார். தெய்வசிகாமணி, இன்னும் காலியாக இருந்த தன் இடது சுண்டுவிரலைப் பார்த்தான்.