ஆறு மாதத் தாமதம்

"பெத்த புள்ளைன்னு கொஞ்சமாவது அக்கறை இருக்காய்யா உனக்கு?"

காது டாக்டர் போட்ட சத்தத்தில், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

தையல்காரர் எழுந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. அவள் மடியில் மூன்று வயது மகள். மூளைக்காய்ச்சலில் உயிர் தப்பியது. காது இரண்டும் போய்விட்டது. இந்தக் கத்தல் எதுவும் எட்டாமல், அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் இரண்டு ஸ்கேன் படங்களை விளக்குப் பலகையில் மாட்டி, பயிற்சி டாக்டர்கள் இருவரையும் கிட்டே கூப்பிட்டார்.

"இது பழைய படம். உள்காதுல நத்தைக்கூடு மாதிரி சுருண்டு, பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு பாருங்க. உள்ள நிறைய தண்ணி. அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா, காது கேக்க வைக்கிற கருவியோட கம்பி வழுக்கிட்டு உள்ள போயிருக்கும். இது இன்னைக்கு எடுத்தது. வலது பக்கம் நத்தையையே காணோம். ஏன்?"

"தண்ணி இருந்த இடமெல்லாம் எலும்பாயிடுச்சு சார்," என்றாள் ஒரு பயிற்சி டாக்டர்.

"கேட்டுக்கய்யா. ஆறு மாசமா என்ன பண்ணிட்டிருந்த? ஊருக்கெல்லாம் சட்டை தைச்சிட்டிருந்தியா?"

மனைவி வாயைத் திறந்தாள். தையல்காரர் அவள் தோளை அழுத்தினார்.

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட எதுக்கு? உன் பொண்ணுகிட்ட கேளு. அவளுக்குத்தான் நீ கேக்கறது கேக்காதே!"

பயிற்சி டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இடது காது சார்..." என்று இழுத்தார் தையல்காரர்.

"அதுவும் பாதி அடைச்சிருக்கு. திங்கட்கிழமை நானே பண்றேன். கம்பி உள்ள போனா உன் அதிர்ஷ்டம்."

"ரொம்ப நன்றி சார்."

வராந்தா தாண்டும்வரை பொறுத்திருந்த மனைவி, படிக்கட்டில் வெடித்தாள்.

"எதுக்கு அப்படிக் கூனிக் குறுகி நின்னீங்க? அந்தப் பழைய படத்தைப் பார்த்துட்டு, 'பயப்பட ஒண்ணுமில்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க'ன்னு எழுதிக் கொடுத்ததே அந்த ஆளுதானே! அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இதோ பையில இருக்கு. மூஞ்சியில விட்டெறிய வேண்டியதுதானே?"

தையல்காரர் மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"எறியலாம்டி. திங்கட்கிழமை நம்ம புள்ளை காதுல கத்தி வைக்கப்போறதும் அந்த ஆளுதானே."