கூடாரத்தில் சத்தமில்லை

"ஒரு பிள்ளைகூட அழலையே, ஜுஹைர்! என்ன வேலை பாக்குற நீ?" ஊர்ப் பெரியவரான ஷேக் கத்தினார்.

ஜுஹைருக்குத் தலை சுற்றியது. நோன்பு வேறு.

நைல் ஆற்றில் இந்த வருஷம் வெள்ளம் ஏறவேயில்லை. ஊரே வேண்டிக்கொள்ளக் கரைக்கு வந்துவிட்டது. முஸ்லிம்கள் குர்ஆனோடு, யூதர்கள் தோராவோடு, கிறிஸ்தவர்கள் சிலுவையோடு.

கைக்குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரே கூடாரத்தில் விட்டிருந்தார்கள். பாலுக்கு ஏங்கி அவை அழவேண்டும். அந்த அழுகைக்குத்தான் ஆண்டவன் மனமிரங்குவான். வழக்கம் அப்படி. பெற்றவள் எவளும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது ஜுஹைரின் பொறுப்பு. அவன் மகளும் உள்ளேதான் இருந்தாள்.

ஆனால் கூடாரம் கப்சிப்.

"யூதப் பொம்பளைங்க பிள்ளைங்க வாயில அபின் தடவியிருப்பாங்க," என்றான் ஒருவன்.

"இல்லடா, கிறிஸ்தவங்க ஏதோ மந்திரிச்சுட்டாங்க."

எதை நம்புவதென்று ஜுஹைருக்குப் புரியவில்லை. ஆறு ஏறாவிட்டால் விதைப்பு இல்லை, ரொட்டி இல்லை. பழி மொத்தமும் தன் தலையில்தான் விழும்.

திரையை விலக்கினான்.

குயவர் வீட்டு தம்யானா, கழுத்தில் சிலுவையோடு, அவன் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யூதத் தெரு முபாரகா. அவள் மடியில் தம்யானாவின் பிள்ளை. பின்பக்கத் துணியைத் தூக்கி நுழைந்திருந்த மற்ற பெண்களும் ஆளுக்கொரு அடுத்தவள் பிள்ளையை மடியில் போட்டிருந்தார்கள்.

தம்யானா அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனே!" ஜுஹைர் சீறினான்.

"பெத்தவ வரக்கூடாதுன்னுதானே அண்ணே சொன்னீங்க? நாங்க பெத்ததை நாங்க தொடவேயில்லையே."

"பெரிய கெட்டிக்காரி! ஒரு வேளை பட்டினி கிடந்தா பிள்ளை செத்தா போயிடும்?"

தம்யானா தலையைக் குனிந்துகொண்டாள். முபாரகாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"உங்க பிள்ளை எப்பவோ செத்திருக்கும். உங்க பொஞ்சாதி மைமூனாவுக்குப் பால் வத்தி எவ்வளவு நாளாச்சு, தெரியுமா? வயித்துல ஏதாவது விழுந்தாத்தானே பால் ஊறும்? உங்ககிட்ட சொல்லப் பயம் அவளுக்கு. இத்தனை நாளும் உங்க மக குடிக்கிறது தம்யானா பால்தான்."

ஜுஹைருக்கு, 'நான் அப்பவே சாப்பிட்டாச்சு' என்று சொல்லி, இருக்கிற ரொட்டியையெல்லாம் தன் முன்னால் வைக்கும் மைமூனாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லையே!

"என்னப்பா, அழுகையைக் காணோம்?" வெளியே ஷேக்.

ஜுஹைர் வெளியே வந்தான். திரையை நன்றாக இழுத்து மூடினான். அதன் முன்னாலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

அந்த அழுகைக்கு மூன்று கூட்டமும் ஒரே குரலில் சொன்னது:

"ஆமீன்!"