பஞ்சு எடுத்த நாள்

கட்டிலில் படுத்திருந்த கணவனின் மூக்கிலிருந்த பஞ்சை டாக்டர் உருவினார். "உள்ள வீங்கியிருந்த சதையைச் சுருக்கியாச்சு. இனிமே மூச்சும் தாராளமா வரும், வாசனையும் பளிச்சுனு தெரியும்."

அவர் வெளியே போனதும் மனைவி ஜன்னலோரம் ஒதுங்கினாள். மீன் கம்பெனியில் செதில் சுரண்டுகிறவள் அவள். காலையிலிருந்து நான்கு முறை குளித்திருந்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்தது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாளே தவிர, கட்டிலை நெருங்கவில்லை.

"ஏன் தள்ளியே நிக்குற?" என்றான் கணவன்.

"ஒரு வாசனையும் தெரியாதுன்னு நீங்க சொன்ன தைரியத்துலதான் பத்து வருஷமா பக்கத்துல உக்காந்தேன். இனிமே எப்படிங்க?"

அவள் கையைப் பிடித்து முகத்தருகே இழுத்தான்.

"அடைச்சிருந்தது மூச்சுதான்டி. மீன் வாசம் மொத நாள்லேருந்தே எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் யாரோ வேத்தாள் வந்து நிக்குற மாதிரி இருக்கு."