கழுத்துக்கு மேலே

இதை எனக்கு முதலில் சொன்னவள் ஹேமலதா. புதுச்சேரியில், இணையத்தில் துணி விற்கும் ராஜாங்கத்தின் கடையில் பொட்டலம் கட்டுபவள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டில் நடந்தது.

சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சுமலதா, கடைக்குள் வந்து ஒரு சுடிதாரை மேசைமேல் வைத்தாள்.

“இத எடுத்துக்கிட்டுப் பணத்தத் திருப்பிக் குடுங்க சார். படத்துல இருக்கற மாதிரி இல்லியாம்.”

ஹேமலதாவின் கைகள் நின்றுவிட்டன. ஞாயிறுதோறும் இதே கடைக்கு வந்து, புதுத் துணிகளை உடுத்திப் புகைப்படத்துக்கு நிற்பவள் சுமலதாதான். இந்தச் சுடிதாரின் படத்தில் இருப்பவளும் அவளே.

“நீ போட்டுக்கிட்டு நின்ன துணி. நீயே கொற சொல்றியா? நல்லா இருக்கும்மா நாயம்,” என்றார் ராஜாங்கம்.

“விசேஷத்துக்குப் போட்டு முடிச்சிருப்பா, இப்ப திருப்பறா,” என்றார் புகைப்படக்காரர் அன்பழகன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஹேமலதாவும் அப்படித்தான் நினைத்தாளாம்.

“நான் வாங்கல சார். எனக்குப் பாத்திருக்கற மாப்ள, சென்னைல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல படத்தப் பாத்து வாங்கினாரு, நிச்சயத்துக்கு. போட்டுக் காட்டினேன். அவங்கம்மா, படத்துல இருக்கற பொண்ணு செவப்பு, அவளுக்கு எடுப்பா இருக்கு, உனக்கு எடுக்கலன்னாங்க.”

“அது நீதான்னு சொல்றதுதான?” என்றார் அன்பழகன்.

“சொன்னேன்ணா. சிரிச்சாங்க.”

கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, கைகளையும் கழுத்தையும் கணினியில் வெளுப்பாக்கிய பிறகே படத்தை இணையத்தில் ஏற்றுவது அக்கடையின் வழக்கம்.

“கறுப்பா இருந்தாலும் பரவால்ல, பொய் சொல்றவ வேணாம்னுட்டாங்க சார். அவ்ளோ தெரிஞ்ச கடைன்னா நீயே போய்த் திருப்பிக் குடு, அப்படியே சாட்சியும் கொண்டா, இல்லன்னா நிச்சயம் இல்லன்னாங்க. பணங்கூட அப்பறம் குடுங்க. மூஞ்சோட எடுத்த படம் உள்ள இருக்கும்ல? அத ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்க.”

“இரு, பாக்கறேன்,” என்று அன்பழகன் தேடத் தொடங்கினார்.

ராஜாங்கம் எழுந்து அவர் பின்னால் போய் நின்றார். சற்று நேரம் திரையைப் பார்த்தார்.

“பொண்ணு வெயில்ல வந்திருக்கு. நீ போய் ஒரு மோர் வாங்கியா. நான் பாத்துக்கறேன்.”

அன்பழகன் வெளியே போனார். ராஜாங்கம் நாற்காலியில் அமர்ந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“இல்லியேம்மா. பழைய படத்த வெக்கறதில்ல.”

“நீங்களாச்சும் போன்ல ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

“குடும்ப விஷயத்துல கடைக்காரன் தலையிட்டா உனக்குத்தாம்மா மரியாத கொறச்சல். உண்ம ஒரு நாள் தெரியும்.” பெட்டியைத் திறந்து நோட்டுகளை எண்ணினார். “உடுத்தின துணிய யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க. உனக்காக வாங்கறேன். முழுப் பணமும் இருக்கு. நாணயமான கடைன்னு உன் மாமியார்கிட்ட சொல்லு.”

சுமலதா பணத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, மோருக்குக் காத்திராமல், படியிறங்கிப் போய்விட்டாள். முதலாளிக்கு இத்தனை பெரிய மனசா என்று ஹேமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

மோருடன் திரும்பிய அன்பழகன் கேட்டார்: “பிரிண்ட் வாங்கிக்கிட்டாளா சார்? படத்தத் தொறந்து வெச்சிட்டுத்தான போனேன்.”

“அழிச்சிட்டேன்யா. அது நாலு பேரு கைக்குப் போனா நம்ம படத்த எவன் நம்புவான்? கடையே போயிருக்கும். எண்ணூத்தி நாப்பது ரூபாயோட முடிஞ்சுது.”