கூடாரக் கம்பிகள்

மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்கு ஆட்டோ வரும்.

அவள் தரையில் உட்கார்ந்து, பைகளை எடை போடக் கொக்கித் தராசைக் கையில் எடுத்தாள்.

சனிக்கிழமை ரயில். பிகானேரில் இறங்கி, அங்கிருந்து ஜெய்சல்மேர் வரை சைக்கிளில். மணலுக்கு நடுவே ஒற்றைத் தார்ச்சாலை. துணைக்கு வண்டி எதுவும் வராது. கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர் எல்லாம் சைக்கிளிலேயே போக வேண்டும்.

ஆளுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் என்று கணவர்தான் கணக்குப் போட்டார். டிக்கெட் எடுத்த அன்று.

அடுத்த மாதம் அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டன.

இப்போது அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதில் சேர்த்தி. வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி ஆட்டோவில் டயாலிசிஸ்.

டிக்கெட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

காலையில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு கேன் போதும் புள்ள. நானெல்லாம் இப்ப ஒட்டகமாக்கும்."

சிரித்தாள். சிரிப்பு வரத்தான் செய்தது.

அவர் கட்டி வைத்த பைகள் இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். கூடாரத் துணி அவர் பையில், கம்பிகள் அவள் பையில். அடுப்பு அவளிடம், எண்ணெய்ப் புட்டி அவரிடம்.

முதல் பயணத்தில், ஹம்பிக்குப் போகும் வழியில் சண்டை. அவர் கோபித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் போய்ச் சேர்ந்தபோது, சாலையோரம் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கம்பிக்காகக் காத்திருந்தார்.

அவள் அவருடைய பச்சைப் பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கினாள்.

மூன்று கிலோ.

மறுபடி தூக்கினாள். மூன்றுதான்.

வாரைத் தளர்த்தினாள். உள்ளே இரண்டு பழைய போர்வைகள். உப்பலாக, கவனமாக மடித்து வைத்திருந்தார். வேறு எதுவும் இல்லை.

தன் பையைத் தூக்கினாள். ஒரு கையால் முடியவில்லை.

மேலே கூடாரத் துணி. அதற்கடியில் கம்பிகள். அடுப்போடு எண்ணெய்ப் புட்டி. பஞ்சர் ஒட்டும் பெட்டி.

பெட்டிக்குள் ஒரு தாள். அவருடைய கையெழுத்து. பின்சக்கரத்தைக் கழற்றுவது எப்போதும் அவர் வேலை. அதைப் படம் போட்டு, அம்புக்குறி வைத்து, ஒவ்வொரு படியாக எழுதியிருந்தார். பதினோரு படிகள். சங்கிலி பல்லில் உட்காரும் இடத்தில் கோடு நடுங்கியிருந்தது. அடித்துவிட்டுத் திரும்ப வரைந்திருந்தார்.

கடைசி வரி: அவசரப்படாதே, நிழல் பார்த்துச் செய்.

தாளை மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கூடாரத் துணியை வெளியே எடுத்தாள். பச்சைப் பைக்குள் கொண்டுபோனாள். போர்வைகள் இடம் விடவில்லை.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

கூடத்தில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அறைப் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்புள்ள, ரெண்டும் சமமா வருதா?"