ஆசையற்ற மாப்பிள்ளை

மலாக்கா பஸ் நிலையத்தில், காசு போட்டால் எடையோடு குணமும் அச்சடித்துத் தரும் இயந்திரத்தின் முன் சிற்றம்பலம் நின்றார். அவர் மகளைப் பெண் கேட்டு வந்த விஜயரட்ணம், ஊரடங்குக்கு முன் தன் ஊரான நியாலாஸுக்குத் திரும்ப வேண்டும். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

“மெஷினிலை ஏறும், தம்பி. மனுசர் ஆசையாலை பொய் சொல்லுவினம். இதுக்கு ஆசையில்லை, கோபமில்லை. கீதையும் புத்தரும் சொன்ன நிலையெல்லோ!” என்றபடி சிற்றம்பலம் காசைப் போட்டார்.

விழுந்த அட்டையைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“ஆசையற்றவர். கோபம் அறியாதவர். அசையாத மனம் உடையவர்.”

அவருக்குக் கண் கலங்கியது. “ரிஷி லட்சணம்! வைகாசியிலை கலியாணம்!”

விஜயரட்ணம் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“சந்தோசம், மாமா. ஆனால் நான் இன்னும் ஏறேல்லை. அதிலை இருக்கிறது என்ரை தகரப்பெட்டி.”