கீபோர்டுக்கு வந்த கோபம்

பூங்கோதை எழுதிய புரோகிராம் நிற்காமல் ஒரே எண்ணைத் திரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பல வருடம் கம்பெனிகளில் புரோகிராம் எழுதிய டியூஷன் சார், “தள்ளும்மா” என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“தப்பை இவளே திருத்த விடமாட்டாரா?” என்று கீபோர்டு கொதித்தது. “நாளைக்குப் பரீட்சையில் இவரா வந்து அடிப்பார்?”

“பெரிய மனுஷர், பொறுத்துக்கோடா. தப்பைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும்” என்றது மவுஸ்.

“நீ அவர் கைக்குள்ளேயே கிடக்கிறவன், அப்படித்தான் பேசுவே.”

கீபோர்டு தன் வயரைத் தானே கழற்றிக்கொண்டது. சார் அதைச் செருக மேசைக்கடியில் குனிந்தார். அதற்குள் பூங்கோதை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரியை எழுத மறந்திருந்தாள்.

நிமிர்ந்த சார் கையை நீட்டினார். கீபோர்டு அவள் மடிக்குப் போயிருந்தது.

“நானே அடிக்கிறேன், சார்.”